நாற்பது வாரப் பெரியம்மா

டெல்ஃபினுக்குக் குழந்தை வளர்க்கத் தெரியாது என்பதை அரசாங்கம் கண்டுபிடித்தபோது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அதற்குள் பெற்றது நான்கு, எடுத்து வளர்த்தது மூன்று என்று ஏழு பிள்ளைகளை ஆளாக்கிவிட்டிருந்தாள். ஒருவன் சின்ன விமானம் ஓட்டுகிறான். ஒருத்தி தெற்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மற்றவர்களும் யார் வம்புக்கும் போகாமல் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் என்ன செய்வது, ஏழு பேரும் சான்றிதழ் இல்லாத கையால் வளர்ந்தவர்கள். அதனால் அவர்கள் வளர்ந்தது செல்லாது.

விஷயம் தொடங்கியது ஜனவரியில். வடக்கே, பூர்வகுடிகளின் அந்த ஊருக்குப் பெயர் தந்த ஒடிந்த துடுப்பு ஏரி உறைந்து, லாரி ஓடும் அளவுக்கு இறுகிக் கிடந்த மாதம். டெல்ஃபினின் தங்கை கிளாரிஸ் நிமோனியாவில் படுத்தாள். ஆஸ்பத்திரி விமானம் வர மூன்று நாள் தாமதமாயிற்று. காய்ச்சல் தாமதிக்கவில்லை. கிளாரிஸ் போய்விட்டாள். அவளுக்கு ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, ஜோசெட். குழந்தைக்கு அப்பன் யார் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், அப்பனுக்கு மட்டும்தான் தெரியாது.

சாவு விருந்து முடிந்த மறுநாள் காலையில் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் திரு. தார்ன்பெரி வந்து சேர்ந்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். கொடுத்த டீயைக் குடித்தார். பேனக் ரொட்டியில் இரண்டு துண்டு சாப்பிட்டு, பிரமாதம் என்றார். இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரை ஏதோ மரியாதை தெரியாத மனிதர் என்று நினைத்துவிடுவீர்கள்.

“இது பிரிக்கிறது இல்லம்மா, தற்காலிக ஏற்பாடு,” என்றார். “வீட்ல சான்றிதழ் உள்ள பராமரிப்பாளர் யாராவது இருக்காங்களா?”

“நான் இருக்கேனே. பெரியம்மா.”

“பெரியம்மாங்கறது உறவு. நான் கேக்கறது தகுதி.”

“எங்க ஊர்ல அக்கா தங்கச்சி பிள்ளைங்கள்ல உன்னுது என்னுதுன்னு கிடையாது சார். இவ என்னையும் அம்மான்னுதான் கூப்பிடுவா. இன்னும் பேச்சு வரல, அவ்ளோதான்.”

தார்ன்பெரிக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. “இந்த மரபை நாங்க ரொம்ப ரொம்ப மதிக்கிறோம்,” என்று தழுதழுத்துக்கொண்டே, படிவத்தில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

குழந்தையை வண்டியில் வைத்து இடுப்புப் பட்டையை மாட்டியபோது ஜோசெட் சிரித்தாள். சவாரி போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. எட்டு மணி நேரப் பயணம், தெற்கே நகரத்துக்கு. அழுதிருந்தாலாவது டெல்ஃபினுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போவதற்கு முன் தார்ன்பெரி ஒரு வழவழப்பான தாளை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். ‘இரு துடுப்புத் திட்டம்: உங்கள் மக்களின் அறிவும் எங்கள் அறிவும் கைகோக்கும் மழலைப் பராமரிப்புப் பயிற்சி. உங்கள் ஊரிலேயே! நாற்பது வாரங்கள்!’ இதை முடித்துச் சான்றிதழ் வாங்கினால் ஜோசெட்டை அவளிடமே ஒப்படைப்பது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று வாயால் சொன்னார். எழுத்தில் கொடுக்கவில்லை.

“நாப்பது வாரமா?” என்றாள் சித்தப்பா மகள் வெரோனிக், தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி. “அந்த நேரத்துக்கு நீ புதுசா ஒண்ணு பெத்தே போட்டுரலாம்டி.”

“பெத்தாலும் வந்து சான்றிதழ் கேப்பான்.”

“இதென்ன படம்? படகுல ரெண்டு பேரு, ஆளுக்கொரு பக்கம் பாத்து உக்காந்து துடுப்பு போடறாங்க. இப்படிப் போட்டா படகு நின்ன எடத்துலயே சுத்துமேடி.”

“சுத்தட்டும். எனக்குப் பிள்ளை வேணும்,” என்றாள் டெல்ஃபின். வெரோனிக் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் அவளும் பெயரைக் கொடுத்தாள். மதியச் சாப்பாடு இலவசம் என்பதால்தான் சேர்ந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள், ஆனால் நாற்பது வாரமும் டெல்ஃபினின் பக்கத்து நாற்காலியை விட்டு அசையவில்லை.

வகுப்பு சமூகக்கூடத்தில் நடந்தது, வியாழக்கிழமை பிங்கோ ஆடும் அதே மேஜைகளில். பயிற்சியாளர் மிஸ் ஹாலிவெல் இருபத்தெட்டு வயதுப் பெண். குழந்தைகளைப் பற்றி ஐந்து வருடம் படித்தவள், குழந்தையைத் தூக்கினால் மட்டும் கை நடுங்கும். தங்கமான பெண். ஒவ்வொரு நாளும் வகுப்பைத் தொடங்குமுன், இந்த மண்ணுக்கும் இந்த ஏரிக்கும் இந்த மக்களுக்கும் நன்றி என்று ஒரு தாளைப் பார்த்து வாசிப்பாள். அந்த மக்கள் ஒன்பது பேரும் கைகட்டி உட்கார்ந்து தங்களுக்குச் சேர வேண்டிய நன்றியைப் பெற்றுக்கொள்வார்கள். நன்றி வாங்கி முடிக்கவே இருபது நிமிடம் பிடிக்கும்.

பாடப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘மரபு’, வலப்பக்கம் ‘அறிவியல்’. இரண்டும் சரிபாதி இருக்க வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. வலப்பக்கம் பொடி எழுத்தில் மேலிருந்து கீழ்வரை நிரம்பி வழியும். இடப்பக்கம் இரண்டு வரி இருக்கும், மிச்சத்துக்குக் கழுகின் இறகு வரைந்திருப்பார்கள். காய்ச்சல் பாடத்தில் ஒரு இறகு. வயிற்றுப்போக்குப் பாடத்தில் மூன்று.

“இந்த எறக வச்சு என்ன பண்ணணும் மிஸ்? விசிறணுமா?” என்று வெரோனிக் கேட்டாள்.

“இல்ல, அது சமநிலையைக் குறிக்குது,” என்றாள் மிஸ் ஹாலிவெல்.

ஆறாம் வாரத்தில் ‘முதியோர் உள்ளீடு’ வந்தது. காலை பத்து இருபது முதல் பத்து நாற்பது வரை. அழைக்கப்பட்டவர் ஈசாயா, எண்பத்தொரு வயது, பன்னிரண்டு பிள்ளைக்கு அப்பன். மனிதர் குளித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாகப் புகையிலை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். டீ கொடுத்தார்கள், குடித்தார். “குழந்தை வளர்ப்பு பத்தி ஒரு அஞ்சு குறிப்பு சொல்லுங்க,” என்று மிஸ் ஹாலிவெல் நோட்டைத் திறந்தாள். ஈசாயா ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்கு உடனே வாயைத் திறப்பது கேட்டவரை அவமதிப்பது போல என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் யோசிக்கிறார், நல்லதாக ஏதோ வரப்போகிறது என்று ஒன்பது பேரும் அசையாமல் காத்திருந்தார்கள்.

பத்து முப்பத்தெட்டுக்கு அவர் தொண்டையைக் கனைத்தார். “என் மூத்தவன் பொறந்த வருஷம், ஒரு பொட்ட மூஸ் மான், குட்டியோட, எங்க கூடாரத்துக்குக் கிட்ட...” என்று ஆரம்பித்தார். மணி அடித்தது.

“ரொம்ப நன்றி, ரொம்ப ஆழமா இருந்தது,” என்றாள் மிஸ் ஹாலிவெல். ஈசாயாவின் கையில் ஒரு காபிக் கோப்பையைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரமே புத்தகத்தின் இடப்பக்கத்தில் ஒரு வரி ஏறியது: ‘நம் முதியோர் குழந்தை வளர்ப்பில் மௌனத்தை வலியுறுத்துகின்றனர்.’

நான்கு வாரத்துக்கு ஒருமுறை அலுவலகக் கம்ப்யூட்டரில் ஜோசெட்டைப் பார்க்க அரை மணி நேரம் அனுமதி. முதல் மாதம் குழந்தை டெல்ஃபினின் குரலைக் கேட்டதும் திரையில் உள்ளங்கையை வைத்து அறைந்தாள். டெல்ஃபினும் இந்தப் பக்கம் கையை வைத்தாள். குழந்தையை வைத்திருந்த மிஸஸ் ஃபெயர்லி கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அவளோ, “உங்களத்தான் தேடறா, பாருங்க,” என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் ஜோசெட் திரையைப் பார்த்தாள், பிறகு தன் காலுறையைப் பார்த்தாள். காலுறை அவளுக்குச் சுவாரசியமாக இருந்தது.

“படிப்ப முடிச்சுட்டு வந்துடுவேன்டி கண்ணு,” என்றாள் டெல்ஃபின் அந்தக் காலுறையிடம்.

பதினான்காம் வாரம் பாசிப்பைப் பாடம். பச்சைக் குழந்தையை, ஈரம் உறிஞ்சும் காய்ந்த பாசி பரப்பிய பைக்குள் வைத்து முன்னால் கயிறு கோத்துக் கட்டுவது. ஒன்பது பேரில் ஒருத்திகூட அப்படிக் கட்டப்படாமல் வளர்ந்தவள் இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமையே காட்டுக்குப் போய்ப் பாசி எடுத்து, குச்சி நீக்கி, உலர்த்தி, மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். மிஸ் ஹாலிவெல் மூட்டையைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

“இது எங்கேர்ந்து வந்தது?”

“அதோ,” என்று டெல்ஃபின் உதட்டைக் குவித்து ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். அங்கிருந்து வடதுருவம் வரைக்கும் பாசிதான்.

“அதுக்கு ஆய்வுச் சான்று கெடையாதே. நாம அங்கீகரிக்கப்பட்ட பாசியத்தான் பயன்படுத்தணும்.”

அங்கீகரிக்கப்பட்ட பாசி லாரியில் வந்தது. நகரத்தில் பூந்தொட்டி விற்கும் கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் அடைத்து வந்திருந்தது. பையின் மேல் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று அச்சிட்டிருந்தது. அதைப் பொம்மையின் அடியில் பரப்பி ஒன்பது பேரும் கட்டிக் காட்டினார்கள். டெல்ஃபின் கட்டிய பையை மிஸ் ஹாலிவெல் போட்டோ எடுத்துக்கொண்டாள், புத்தகத்தின் அட்டைக்கு. மதிப்பெண்ணில் மட்டும் ஐந்தைக் குறைத்தாள். டெல்ஃபின் கையுறை போடவில்லை.

அப்புறம் வந்தது இன்னொரு பொம்மை. வயிற்றுக்குள் பாட்டரி. பசித்தால் அழும், நனைந்தால் அழும், தலை தொங்கினாலும் அழும். எப்போது யார் தூக்கினார்கள், எத்தனை நிமிடத்தில் தூக்கினார்கள் என்று எல்லாவற்றையும் அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். ஆளுக்கு மூன்று நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்துக் காட்ட வேண்டும். இதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது.

டெல்ஃபின் பொம்மையைத் தோளில் சாய்த்து வீட்டுக்கு நடந்தாள். அவ்வளவுதான், வீடு நிரம்பிவிட்டது. ஜோசெட் போனதிலிருந்து அந்த வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லை. ரப்பராக இருந்தால் என்ன, அழுகிறதே! அத்தை தூக்கினாள். அண்ணி தூக்கினாள். வெரோனிக் தூக்கி, “மூக்கு உன் புருஷன் மாதிரியே சப்பையா இருக்குடி,” என்றாள். கம்பளியை இரண்டு கயிற்றில் மடித்துத் தூளி கட்டிப் போட்டு, போகிற வருகிறவரெல்லாம் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்கள். டெல்ஃபினின் புருஷன் ஆம்ப்ரோஸ் வாயைத் திறக்காத மனிதர். இரண்டாம் நாள் அவர் பொம்மையைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு ஏரிக்கு வலை இழுக்கப் போய்விட்டார். கேட்டதற்கு, “அதுவும் பாக்கட்டுமே,” என்றார்.

மூன்று நாள் கழித்து மிஸ் ஹாலிவெல் பொம்மையின் முதுகில் வயரைச் செருகி, அறிக்கையை வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியது.

“மூணு நாள்ல குழந்தையைப் பதினேழு பேர் தூக்கியிருக்காங்க.”

“ஆமா மிஸ், நெறைய பேரு வெளியூர் போயிட்டாங்க,” என்றாள் டெல்ஃபின் வெட்கத்துடன்.

“குழந்தை மொத்தமே நாலு நிமிஷம்தான் அழுதிருக்கு. இது இயந்திரக் கோளாறா இருக்கணும். அப்புறம், ஒரு இருபது நிமிஷம் மீன் மேல படுத்திருந்திருக்கு.”

“அது சொல்லுதா? மீனுன்னே சொல்லுதா?” வெரோனிக்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“வாசனை இருக்கு,” என்றாள் மிஸ் ஹாலிவெல். அறிக்கையின் கடைசி வரி இதுதான்: ‘குழந்தை ஒரு நொடிகூடத் தனியாக விடப்படவில்லை. முதன்மைப் பராமரிப்பாளர் யார் என்று தெரியவில்லை. தேர்ச்சி இல்லை.’

தேர்வை மறுபடி செய்து காட்ட வேண்டுமே. அடுத்த தடவை டெல்ஃபின் கதவைத் தாழிட்டாள். அத்தை வந்து தட்டினாள், திறக்கவில்லை. தூளியை அவிழ்த்துப் பெட்டியில் வைத்தாள். புருஷனை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். சாத்திய அறையில் பொம்மையும் அவளுமாக மூன்று நாள். அது அழுதது, இவள் தூக்கினாள். அது அழுதது, இவளும் அழுதாள். தொண்ணூற்றெட்டு மதிப்பெண். ‘சிறப்பான முன்னேற்றம்’ என்று பச்சை மையில் எழுதி, பக்கத்தில் ஒரு இறகும் ஒட்டித் தந்தார்கள்.

வாரங்கள் ஓடின. ஜோசெட் நடக்க ஆரம்பித்ததைக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். ஒன்பதாம் அழைப்பில் மிஸஸ் ஃபெயர்லி, “பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு,” என்றதும் குழந்தை கையை ஆட்டிவிட்டு, மிஸஸ் ஃபெயர்லியின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, “மம்மா,” என்றது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் கீழே பார்த்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் முடியப் பதினோரு நிமிடம் இருந்தது. டெல்ஃபின்தான் முதலில் திரையை அணைத்தாள்.

முப்பத்தெட்டாம் வாரம், கடைசித் தேர்வு. ஒரே ஒரு கட்டுரை, குழந்தை யாரிடம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பது பற்றி. ‘குழந்தையின் பற்றுறவு: உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுக.’ நாற்பது வாரத்தில் முதல்முறையாகச் சொந்தச் சொற்களைக் கேட்கிறார்கள். டெல்ஃபின் பள்ளிக்கூடத்தில் எட்டாவது தாண்டாதவள். பேனாவை எடுத்தவள் இரண்டு மணி நேரம் தலை நிமிரவில்லை.

‘குழந்தைக்கு வீடு என்பது சுவர் இல்லை,’ என்று எழுதினாள். ‘தன்னைத் தூக்கிக்கொண்ட கைதான் அதற்கு வீடு. எந்த நெஞ்சில் சாய்ந்து தூங்கிப் பழகியதோ அந்த நெஞ்சு அடிக்கிற சத்தம் குழந்தைக்குத் தெரியும். அங்கிருந்து அதை எடுத்துப் போகிறவர் நல்லவராக இருக்கலாம். பூட்ஸைக் கழற்றிவிட்டு வரலாம். அழக்கூடச் செய்யலாம். ஆனாலும் குழந்தைக்குப் பிய்த்தது பிய்த்ததுதான். சட்டம் சொன்னாலும், சொந்தம் சொன்னாலும், யாரும் அதைச் செய்யக் கூடாது. தூங்குகிற இடத்திலேயே அதைத் தூங்க விடுங்கள்.’

மிஸ் ஹாலிவெல் அதை வாசித்துவிட்டு வெளியே போய்ப் பனியில் நின்று அழுதாள். நூற்றுக்கு நூறு. திட்ட வரலாற்றிலேயே முதல் நூறு என்று எல்லா அலுவலகங்களுக்கும் படியெடுத்து அனுப்பினாள்.

பட்டமளிப்பு விழாவுக்கு இயக்குநர் விமானத்தில் வந்து இறங்கினார். கூடத்தில் காகிதத் தோரணம், கேக், மூஸ் கறிச் சூப். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“அன்பான மக்களே! நாங்கள் இங்கே வந்தபோது இந்த ஊரில் மழலைப் பராமரிப்பு என்று ஒன்றுமே கிடையாது. வெறும் குழந்தைகள் மட்டுமே இருந்தார்கள்! இன்று என் கண்முன்னே சான்றிதழ் பெற்ற ஒன்பது பராமரிப்பாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் அறிவை உங்களுக்கே கற்றுக்கொடுக்க எங்களுக்கு வாய்ப்பளித்ததற்கு நன்றி. அது எளிய வேலை இல்லை. முதலில் அதை உங்களிடமிருந்து எடுக்க வேண்டியிருந்தது!”

கைதட்டினார்கள். ஊரில் மேடையேறிப் பேசுகிற யாரையும் கைதட்டாமல் இறக்கிவிடுகிற வழக்கம் இல்லை.

“ஒம்போது பேரும் இருக்கோம், சரி. பிள்ளைங்கதான் எங்கேன்னு தெரியல,” என்று வெரோனிக் முணுமுணுத்தாள். கூடத்தின் மூலையில் குழந்தைகளுக்கென்று போட்டிருந்த சின்ன நாற்காலிகளில் பாதி காலியாகக் கிடந்தன.

டெல்ஃபின் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினாள். புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். வீட்டில் தூளிக் கயிற்றை மறுபடி கட்டி, கம்பளியைத் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். கேக் மேஜைக்குப் பக்கத்தில் தார்ன்பெரி நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் இவள் நடையே ஓட்டமாகிவிட்டது.

“எப்ப சார் கூட்டிட்டு வர்றீங்க? நாளைக்கா? நானே வேணா வந்து கூட்டிக்கறேன், ஆம்ப்ரோஸ் வண்டிக்கு டயர் மாத்தியாச்சு.”

“முதல்ல வாழ்த்துகள்,” என்றார் தார்ன்பெரி. அவர் கண் மறுபடியும் கலங்கத் தொடங்கியிருந்தது. வெரோனிக் அதைக் கவனித்துவிட்டு டெல்ஃபினின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க கட்டுரைய எங்க குழு முழுக்கப் படிச்சோம். மூணு மாசமா இந்தக் கேஸ்ல முடிவெடுக்க முடியாம திண்டாடிட்டிருந்தோம். உறவா, பழக்கமான்னு. பாதிப் பேர் உங்க பக்கம்தான் இருந்தாங்க. அப்பத்தான் உங்க கட்டுரை வந்துது. ஒரே நாள்ல தீர்ந்துபோச்சு.”

“தீந்துதா?”

“‘எந்த நெஞ்சில் சாய்ந்து தூங்கிப் பழகியதோ.’ என்ன ஒரு வரி! ஜோசெட்டுக்கு இப்ப பதினேழு மாசம். அதுல பத்து மாசம் மிஸஸ் ஃபெயர்லி நெஞ்சுலதான் தூங்கியிருக்கு. ‘சொந்தம் சொன்னாலும் செய்யக் கூடாது’ன்னு நீங்களே எழுதிட்டீங்க. அவங்களே தத்து எடுத்துக்கறாங்க. உங்க கட்டுரைய அப்படியே தீர்ப்போட இணைச்சிருக்கோம். சமூகத்தோட குரல் முடிவுல ஒலிக்கணுங்கறதுதான் எங்க கொள்கை.”

கூடத்தில் யாரோ பாட்டுப் போட்டார்கள். டெல்ஃபினின் வாய் திறந்திருந்தது.

“நான் அத ஜனவரிய நெனச்சு எழுதினேன் சார்,” என்றாள். “நீங்க வந்த அன்னிக்கு. அவ என் தோள்ல தூங்கிட்டிருந்தா. நீங்க எழுப்பித்தான் எடுத்தீங்க. அத நெனச்சு எழுதினேன்.”

தார்ன்பெரி பையிலிருந்து கட்டுரையின் நகலை எடுத்து, ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் பார்த்தார். மனிதர் எதிலும் நியாயமாக நடப்பவர்.

“இதுல மாசம் குறிப்பிடலையேம்மா,” என்றார்.

அன்றைக்கு வெரோனிக் அவர் மேல் சூப்பைக் கொட்டினாள். தவறுதலாகத்தான் என்று ஊரே சாட்சி சொன்னது. டெல்ஃபினை நடத்திக்கொண்டு போய் வீட்டில் விட்டார்கள். ஆம்ப்ரோஸ் தூளிக் கயிற்றை அவிழ்க்கப் போனார். “இருக்கட்டும்,” என்றாள் அவள். நாலு நாள் எதுவும் சாப்பிடவில்லை. ஏழு பிள்ளைகளும் போன் செய்தார்கள். என்ன சொல்லித் தேற்றுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் பேசி முடித்ததும் அவள்தான் அவர்களைத் தேற்றி வைத்தாள்.

சான்றிதழ் என்றால் சும்மா இல்லை. அது வேலை செய்யும். மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணிக்குத் தார்ன்பெரியின் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் கையில் ஒரு குழந்தை. எட்டு மாத ஆண் குழந்தை, கன்னம் தொங்கத் தொங்கக் கொழுத்தது. பெயர் அல்ஃபோன்ஸ். முந்நூறு கிலோமீட்டர் வடக்கே, டெனே என்ற வேறொரு பூர்வகுடி மக்களின் ஊரிலிருந்து வந்திருந்தான். அம்மா ஆற்றில் போய்விட்டாளாம்.

“இந்த வட்டாரத்துலயே முதல் தரச் சான்றிதழ் வீடு உங்களோடதுதான்,” என்றார் தார்ன்பெரி பெருமையாக.

“அவங்க ஊர்ல இவனுக்கு யாருமே இல்லையா?”

“ஒரு சித்தி இருக்காங்க. நல்ல பொண்ணு. பாவம், சான்றிதழ் இல்ல. இப்பத்தான் பயிற்சியில சேந்திருக்காங்க. மூணாவது வாரம்.”

டெல்ஃபின் வாசலிலேயே நின்றாள். வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எங்கே போவான் என்பதும் அவளுக்குத் தெரியும். எட்டு மணி நேரம் தெற்கே. குழந்தை அவளைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, எந்த நிமிடம் அழலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கனம் தோளில் இறங்கியதும் அவள் உடம்பு தானாக ஆடத் தொடங்கிவிட்டது.

“குடும்பத்தாரோட நேரடித் தொடர்பு வேண்டாம், நாலு வாரத்துக்கொரு அழைப்பு உண்டு, அதுக்கு விண்ணப்பிக்கணும்,” என்று ஒரு தாளை மேஜையில் வைத்துவிட்டுத் தார்ன்பெரி கிளம்பினார்.

வண்டி திருப்பத்தைத் தாண்டியதும் டெல்ஃபின் போனை எடுத்தாள். விண்ணப்பித்தால் எட்டு வாரம் ஆகும் காரியம் அது. வடக்கே மீன் வாங்கும் கடைக்கு ஒரு போன், அவர்கள் சொன்ன சித்தியின் நம்பருக்கு இன்னொரு போன். முடிந்தது.

“பெர்னிஸா? நான் ஒடிந்த துடுப்பு ஏரியிலேர்ந்து பேசறேன். உங்க அல்ஃபோன்ஸ் என்கிட்ட இருக்கான்.”

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

“அவன்... அவன் பால் குடிக்கிறானா?”

“குடிக்கிறான். பாட்டிலையே முழுங்கிடுவான் போலிருக்கு.”

“தூங்க மாட்டான். எடது காது மடல ரெண்டு விரலால தடவிக் குடுக்கணும். எங்கக்கா அப்படித்தான் பழக்கிட்டா. அது யாருக்குமே தெரியாது. அவங்ககிட்ட சொன்னேன், படிவத்துல அதுக்கு எடம் இல்லைன்னுட்டாங்க.”

டெல்ஃபின் இரண்டு விரலால் அந்தச் சின்ன மடலைத் தொட்டாள். அல்ஃபோன்ஸ் ஒரு பெருமூச்சு விட்டு அவள் கழுத்தில் தலையைச் சாய்த்தான்.

“நான் படிப்ப முடிச்சிருவேன்கா,” என்றது அந்தப் பெண் குரல். இருபது வயதுகூட இருக்காது. “நல்லா படிக்கிறேன். போன பரீட்சையில தொண்ணூத்தாறு. நீங்க முடிச்சவங்கதானே? முடிச்சா குடுத்துருவாங்கல்ல?”

டெல்ஃபின் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தாள். பெர்னிஸும் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தாள்.

“கேளு பெர்னிஸ்,” என்றாள் கடைசியில். “முப்பத்தெட்டாவது வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொல்லுவாங்க.”

“ரொம்பக் கஷ்டமா இருக்குமா?”

“கஷ்டமே இல்ல. பேனாவ வச்சா மனசுல இருக்கறதெல்லாம் தானா கொட்டும். அதான் சொல்றேன்.” அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். “அத மட்டும் நல்லா எழுதிடாதடி. என்ன?”

“ஏன்கா?”

டெல்ஃபின் போனைக் குழந்தையின் காதருகே கொண்டுபோய் வைத்தாள். அந்தப் பக்கம் பெர்னிஸ் தன் பாஷையில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். டெல்ஃபினுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அல்ஃபோன்ஸ் விலுக்கென்று தலையைத் தூக்கினான். இரண்டு கையாலும் போனைப் பிடுங்கி, திருப்பினான், மறுபடி திருப்பினான், அதன் பின்பக்கத்தில் சித்தியைத் தேடினான்.